தோள் சங்கத்துக்கு நாலு பேர்

மூன்று நாளாக வெயிலைக் காணோம். சங்கத்து அறைக் கூரை ஒழுகி, உள்ளே சுருட்டி வைத்திருந்த சாக்குப் படுக்கை ஊறிப்போய்விட்டது. அதைத் தூக்கிவந்து வீட்டு முன்னால் கொடியில் போட்டேன். நனைந்த சணலுக்கு ஒரு வாடை உண்டு. பாதி பழைய கொழுந்து, பாதி நாய்க்குட்டி. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஆளே இல்லாத சங்கத்துக்கு இத வேற காயப்போடணுமா?" என்றாள். அவளுக்குப் பதில் சொன்னால் மத்தியானச் சோறு தள்ளிப்போகும். உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் என்றால் குறுக்கே பேசமாட்டீர்கள்.

அந்தச் சாக்கே என் தவறில் பிறந்ததுதான். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்துச் சாக்குகளுக்கு டிவிசன் எண்ணை மை அடிக்கிற வேலை எனக்கு. தகரத்தை வைத்து உருளையை ஓட்டினால் எழுத்து விழும். ஒரு நாள் யாரிடமோ பேச்சு கொடுத்துக்கொண்டே தகரத்தைத் தலைகீழாக வைத்து ஒரு கட்டுச் சாக்குக்கும் மை அடித்துவிட்டேன். தோட்டத்துத் துரை பார்த்தார். திட்டினார். கழித்துப் போட்ட சாக்குகளைச் சங்கத்துக்குக் கொடுத்துவிடச் சொன்னார். இரண்டு மூங்கிலுக்கு நடுவே அவற்றைத் தைத்ததில்தான் எங்கள் முதல் படுக்கை உருவானது. படுத்திருக்கிற நோயாளிகள் எத்தனையோ பேர், போகிற வழியெல்லாம் என் தலைகீழ் எழுத்தை விரலால் தடவிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

எங்கள் தோட்டம் றக்வானைக்கு மேலே. லயம் என்றால் எங்கள் வரிசை வீடுகள். மேல் லயத்துக்கு அன்றைக்கும் வாகனம் போகாது, இன்றைக்கும் போகாது. அங்கிருந்து தார் ரோட்டுக்கு முக்கால் மணி நேர இறக்கம். படிக்கட்டு கொஞ்சம், வழுக்குப் பாறை கொஞ்சம், தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை மிச்சம். அம்புலன்ஸ் வந்தாலும் கீழே ரோட்டில்தான் நிற்கும். மேலே காய்ச்சல் கண்டவர்களையும் கால் ஒடிந்தவர்களையும் வலி பிடித்த கர்ப்பிணிகளையும் ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எங்கள் சங்கத்தின் வேலை. பலகையில் அதற்கு இரண்டு வரிக்கு நீளும் பெயர். நற்பணி, முன்னேற்றம், ஐக்கியம் எல்லாம் அதில் வரும். சனங்கள் அதையெல்லாம் படிக்கவில்லை. தோள் சங்கம் என்றார்கள், அவ்வளவுதான்.

சேருவதற்கு விண்ணப்பம் கிடையாது. சங்கத்து அறையின் வாசல் நிலையில் முதுகு சாய்த்து நிற்க வேண்டும். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியைத் தோள்மேல் மட்டமாக வைத்து, நிலையில் ஒரு கொத்து. அந்த வெட்டுத்தான் உங்கள் உறுப்புரிமை. ஒரே மட்டத்தில் இரண்டு வெட்டு இருந்தால் அந்த இரண்டு பேரும் ஜோடி. நான்கு பேர் ஒரு செட். வழியில் மாற்றிக்கொள்ள இன்னொரு செட் பின்னால் வரும். பெண் கொடுக்கிற வீட்டில், "மாப்பிள்ள எந்த செட்டு?" என்று கேட்டதெல்லாம் உண்டு. முதல் செட் என்றால் தாய்மாருக்கு முகம் மலரும்.

இவ்வளவு அளவு எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்தில் பிணத்தைத்தான் கால் முன்னால் வைத்துத் தூக்குவார்கள். இந்து வீடானாலும் வேதக்கார வீடானாலும் அதில் மாற்றமில்லை. உயிரோடு இருக்கிறவரைத் தலை முன்னால் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுப் பெண்கள் படுக்கையையே மறித்துவிடுவார்கள். இறக்கத்தில் தலை முன்னால் என்றால் என்ன ஆகும்? தலை கீழே, கால் மேலே. அப்படி ஆகாமல் இருக்க நெட்டைக்காரர் இரண்டு பேர் முன்னால், குட்டைக்காரர் இரண்டு பேர் பின்னால். மலை சாய்ந்திருக்கும், படுக்கை மட்டமாக இருக்கும். தேத்தண்ணிக் கோப்பையை வயிற்றில் வைத்துக்கொண்டு போகலாம் என்று செபமாலை அண்ணன் பீற்றிக்கொள்வார்.

செபமாலை அண்ணன்தான் தலைவர். முதல் செட்டில் முன்னால் இடது தோள். அவருக்கு வாயில் எப்போதும் ஏதாவது ஒரு வாசகம் இருக்கும். "கீழ போறவன் திரும்பி வர்றதுக்குத்தாண்டா சங்கம், போறதுக்கில்ல" என்பார். கோயிலுக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமை உண்டு. சங்கத்துக்கு வராத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

நான் எந்த செட் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எந்த செட்டிலும் இல்லை. நிலையில் என் வெட்டு தனியாக, கீழே, கோழி கொத்தினது போல இருக்கும். என் மட்டத்துக்கு ஜோடி கிடைக்கவில்லை. அண்ணன் யோசித்துப் பார்த்து, "ஒனக்குத் தோளு இல்லாட்டி என்னா, வாயி இருக்கே" என்று ஒரு வேலை கொடுத்தார். முன்னால் நடந்து, படி வருது, வழுக்குது, வலது பக்கம் வேர் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். இடையில் நோயாளியோடு பேச்சு கொடுத்து அவரை மயங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு தடவை பிரசவ வலியோடு வந்த அக்கா ஒருத்தியிடம் நான் ஊர்க்கதை எல்லாம் சொல்லி, "கவலப்படாதீங்க அக்கா, இன்னும் ஒம்பது வளைவுதான்" என்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "தம்பி, நீ வாய மூடுறியா, நான் எறங்கி வரட்டுமா?" என்றாள். தூக்கியவர்கள் சிரித்ததில் படுக்கை ஆடியது. அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ரோட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இதையெல்லாம் சொல்லும்போது நாங்கள் ஏதோ சாமிமார் என்று நினைத்துவிடாதீர்கள். சங்கத்துக்குக் கெட்ட வழக்கம் ஒன்றும் இருந்தது. முறைக்கு வராதவனின் வெட்டை, ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் உளியால் செதுக்கி எடுத்துவிடுவோம். லோகநாதன் என்று ஒருவன், லோகு என்போம். செபமாலை அண்ணனுக்குச் சரி ஜோடி, முன்னால் வலது தோள். ஒரு தடவை வரவில்லை. அந்த ஞாயிறு அண்ணனே உளியை எடுத்தார். லோகு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஏன் வரவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் வாயைத் திறக்கிற நானும் கேட்கவில்லை. பிறகுதான் தெரியும், குருவிட்டப் பக்கம் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைக்க நாள் வேலைக்குப் போயிருக்கிறான். எங்களுக்குச் சொல்லிவிடச் சொல்லி ஒருத்தனிடம் சொல்லியும் இருக்கிறான். அந்த ஆள் மறந்துவிட்டான். தெரிந்த பிறகாவது கூப்பிட்டிருக்கலாம். செதுக்கியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். லோகு இங்கேதான் இருக்கிறான், கீழ் லயத்தில். அதற்குப் பிறகு சங்கத்துப் பக்கம் வந்ததில்லை.

ஆள் குறைந்ததற்கு லோகு காரணமில்லை. பிள்ளைகள் கொழும்புக்கும் கட்டுநாயக்கவுக்கும் போனார்கள், வெளிநாட்டுக்குப் போனார்கள். போகாதவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. அதெல்லாம் எனக்கும் விளங்கும். வயிற்றுக்குப் போகிறவனைத் தோளுக்கு வா என்று எப்படிக் கூப்பிடுவது? எனக்கு எரிகிறது வேறு இடத்தில். இப்போது நான் செயலாளர். என் போனில் சங்கத்துக்கென்று ஒரு குழு இருக்கிறது. அறுபத்தெட்டு பேர். முன்னே எப்போதும் இத்தனை பேர் எங்களுக்கு இருந்ததில்லை. அதில் இரண்டு பேர் செத்தும்போனார்கள், எடுத்துவிட எனக்குத் தெரியவில்லை. பாதை துப்புரவு, இத்தனை மணிக்கு வாருங்கள் என்று போட்டால் உடனே கட்டைவிரல், கும்பிட்ட கை, மல்லிகைப்பூ. காலையில் மண்வெட்டியோடு போய் நின்றால் நானும் ஒரு மாடும். கேட்டால் ஒருத்தன், "நான்தான் லைக் போட்டேனே அங்கிள்" என்கிறான். அவனை என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. செபமாலை அண்ணனுக்கு எழுபதாகிறது. மழைப் படியில் விழுந்து இடுப்பெலும்பு விட்டுப்போய், மேல் லயத்தில் படுக்கையாகக் கிடந்தார். மனைவி இல்லை. மகள் வத்தளையில். பக்கத்து வீட்டு ரஞ்சனிதான் கஞ்சி கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கு ஆறாம் மாதம், புருஷனுக்குக் கொழும்பில் ஹோட்டல் வேலை. அந்தச் செவ்வாய் இரத்தினபுரியில் கிளினிக். நம்பர் கொடுக்கிற நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைக்கும். தவறினால் எப்போது என்று அவர்களுக்கே தெரியாது.

எட்டுப் பேர் வேண்டும் என்று மூன்று நாள் முன்னதாகவே குழுவில் போட்டேன். பத்தொன்பது கட்டைவிரல் வந்தது. இருந்தாலும் மனதில் ஒரு கணக்கு, பத்தொன்பதில் பாதி என்றாலும் போதுமே. காலையில் மேலே ஏறிப் போனால், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்த தொழிற்சாலை மோகன், முதுகுவலிப் பட்டி கட்டிய பழைய இரண்டாம் செட் மாரிமுத்து, நான். வாசலில் நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தூறல் விழுந்தது.

உள்ளேயிருந்து அண்ணன், "எத்தன பேருடா வந்திருக்கீங்க?" என்றார்.

"எண்ணிக்கிட்டிருக்கோம்ண்ணே."

"மூணு பேர எண்ண இவ்வளவு நேரமா?"

கீழே வேனோடு காத்திருந்த சுனில், சிங்கள ஊர்க்காரர், பொறுத்துப் பார்த்துவிட்டு மேலேயே ஏறி வந்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு, "வேன் அங்க நிக்கிது, நீங்க இங்க நிக்கிறது. வாங்க, மம அல்லன்னங்" என்று சாரத்தை மடித்துக் கட்டினார். நான் பிடிக்கிறேன் என்கிறார். எங்கள் சங்கத்தில் இல்லாத மனிதர். குழுவிலும் இல்லை. ஆக நாலு பேர்.

நாலு பேர் சரி, நாலு தோள் சரியில்லை. மோகன் கமுகு மாதிரி உயரம். நானும் மாரிமுத்துவும் சுனிலும் குரும்பை. நெட்டை ஜோடி இல்லாமல் தலையை முன்னால் வைக்க முடியாது. இருந்தாலும் வைத்துப் பார்த்தோம். என் ஆயுளில் முதல் தடவையாக மூங்கில் என் தோளில் ஏறியது. பத்துப் படி இறங்குவதற்குள் அண்ணன் வழுக்கிக்கொண்டு வந்து அவர் உச்சந்தலை என் பிடரியில் இடித்தது.

"என்னயத் தூக்கிட்டுப் போறீங்களா, கவுத்துக் கொட்டப் போறீங்களா?"

இறக்கி வைத்தோம். முகம் முழுக்க இரத்தம் ஏறிச் சிவந்திருந்தது. எங்கள் நாலு பேரின் தோள்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எத்தனை பேரை நிலையில் நிறுத்தி அளந்த கண். பிறகு, "சரி. திருப்புங்க" என்றார்.

"அண்ணே, கால் முன்னால வருமே."

"வரட்டும். நம்பரு குடுத்து முடிச்சிருவாங்க. திருப்புடா."

திருப்பினோம். ரஞ்சனி ஓடிவந்து ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பால் அவரைப் போர்த்திவிட்டாள். அவர் அதை முகத்துக்கு மேலேயும் இழுத்து விட்டுக்கொண்டார். தூறலுக்குத்தான் என்று அப்போது நினைத்தேன்.

வேலையில் மூழ்கினதில் எங்களுக்குப் புத்தியில் படவில்லை, கீழேயிருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் எப்படித் தெரிவோம் என்று. கீழ் லயத்துக்கு மேலே உள்ள மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் முதலில் பார்த்தார்கள். கால் முன்னால், வெள்ளைத் துணி, முகம் மூடி, நாலு பேர். ஒருத்தி, "அய்யோ எங்க செபமால அண்ணே" என்று ஒரு குரல் எடுத்தாள். அந்தக் குரல் போதும். கீழ் லயத்துக் கதவுகள் திறந்தன. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டும், சட்டையை மாட்டிக்கொண்டும், வாயில் பற்பசை நுரையோடும் ஆட்கள் ஏறி ஓடிவந்தார்கள். ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தோளிலிருந்து மூங்கில் தானாகக் கழன்றது. திரும்பிப் பார்த்தால் மாரிமுத்துவுக்குப் பதில் ஒருவன், சுனிலுக்குப் பதில் ஒருவன், பக்கத்தில் கைமாற்ற இன்னும் ஏழெட்டுப் பேர். இருபது அடி தூரம் அந்தப் படுக்கை அப்படியே மட்டமாகப் போனது. கோப்பையை வைத்தால் ஆடாது. கட்டைவிரல் போட்டவர்கள் பாதிப் பேர் அதில் இருந்தார்கள்.

செபமாலை அண்ணன் விரிப்பை விலக்கினார்.

"இத்தன பேரு ஊருலதான் இருக்கீங்களா?"

தூக்கியிருந்தவர்கள் நின்றுவிட்டார்கள். அழுதவள் பாதியில் நிறுத்தினாள். அவளுக்குக் கோபம்கூட வந்தது. "உசுரோட இருக்கவர இப்பிடியா கொண்டு வருவீங்க, அறிவு கெட்டவங்களே" என்று என்னைத்தான் ஏசினாள். பிறகு ஒவ்வொருத்தராக நழுவத் தொடங்கினார்கள். "பஸ்ஸு வந்துரும்ண்ணே." "அடுப்புல ஒல வச்சிட்டு வந்துட்டேன்." "வேலைக்குப் பேரு போட்டு முடிச்சிருவாங்க, மலைக்குப் போகணும்." மூங்கிலைக் கல்மேல் இறக்கி வைத்துவிட்டு, அதைத் தொட்ட கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் நின்றார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆனால் இரண்டு பேரும் என் உயரம்.

முன்னால் வலது பக்கத்தில் லோகு நின்றுகொண்டிருந்தான். தலையில் நரை. துண்டு இன்னும் தோளில் மடித்தபடி இருந்தது. அண்ணன் படுத்தபடியே அவனைப் பார்த்தார்.

"லோகு. வந்துட்டல்ல. புடி. இனி தல முன்னால போகலாம்."

லோகு துண்டை எடுத்து உதறினான். "செத்துட்டீங்கன்னுதான் வந்தேன்ண்ணே. சாவுக்கு யாரும் யாரையும் தள்ளி வைக்க ஏலாது. உசுரோட இருக்கவங்களத் தூக்கத்தான் எனக்குப் பேரு இல்ல." சத்தமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

எனக்கு அவன்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. இத்தனை வருடம் கழித்து, ஒரு கிழவன் இடுப்பு ஒடிந்து கிடக்கும்போதா கணக்குத் தீர்ப்பது? அந்தக் கோபத்தோடு யோசித்துக்கொண்டே போனால், எங்கே போய் முட்டுகிறது என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியில் போய் முட்டுகிறது. ஆகவே அதிகம் யோசிப்பதில்லை.

மிச்ச வழி முழுக்கக் கால் முன்னால்தான் போனோம். நான் எவ்வளவோ பேச்சு கொடுத்தேன். அண்ணன் முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். இரத்தினபுரிக்குப் போனபோது நம்பர் கொடுத்து முடிந்து, எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டார். மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள். வத்தளையிலிருந்து மகள் ஸ்டெல்லா அங்கே வந்திருந்தாள். அவரை வாங்குப் பலகையில் படுக்கவைத்தோம், அப்பாவும் மகளும் ஏதோ பேசினார்கள். பிறகு அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"நீங்க போங்கடா. நான் இப்பிடியே மகளோட போறேன்."

"என்னண்ணே, வீடு தெறந்து கெடக்கு. கோழியெல்லாம் இருக்கு. மூணு மாசம் மேல இருந்துட்டு..."

"எறக்கத்துக்கே இந்தப் பாடு. ஏத்தத்துக்கு எட்டுப் பேரு வேணும். நீ யாரக் கூட்டிட்டு வருவ, சொல்லு."

கையில் கிளினிக் கொப்பியும் ஒரு துவாயும்தான் இருந்தது அவருக்கு. ஐம்பது வருடம் குடியிருந்த வீட்டை விட்டு வந்திருக்கிறோம் என்று அன்று காலையில் அவருக்கே தெரியாது. ஸ்டெல்லா ஒரு வேன் பிடித்து, பின் சீட்டில் அவரைப் படுக்கவைத்து ஏற்றினாள். வத்தளை வரைக்கும் நான் கூடப் போயிருக்கலாம். ஏனோ போகவில்லை.

போன கிழமை ரஞ்சனி அவருடைய துணிமணிகளை ஒரு பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தாள். மேலேயிருந்து மெதுவாக, படிப் படியாக இறங்கி வந்திருக்கிறாள். ஏழாம் மாதம். பையை வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். தண்ணீர் கொடுத்தேன். மேலே இப்போது ஆறு வீட்டில்தான் ஆள் இருக்கிறது, அதிலும் நாலு வீட்டில் வயதானவர்கள் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"சித்தப்பா, உண்மையச் சொல்லுங்க. எனக்கு வலி வந்தா நாலு பேரு வருவாங்களா?"

செயலாளர் நான். அறுபத்தெட்டு பேர் உள்ள சங்கம். ஒரு வாய்க்குப் பத்து வாய் பேசுகிறவன். அவள் வைத்த தண்ணீர்ச் செம்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தேன்.

"கீழ போயிரும்மா," என்றேன். "இப்பவே போயிரு. நடக்க முடியிறப்பவே."

"அதத்தான் நானும் நெனச்சேன். நீங்க வேற மாதிரி சொல்லுவீங்களோன்னு கேட்டுப் பாத்தேன்" என்றாள். குறை சொல்கிற மாதிரிகூட இல்லை.

நேற்று முன்தினம் றக்வானை டவுனில் அவளுடைய அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளை பிறந்த பிறகும் திரும்பி ஏறமாட்டாள் என்று எனக்குத் தெரியும். முன்பெல்லாம் மேல் லயத்துப் பெண்கள் ஏழாம் மாதத்திலும் கொழுந்துக் கூடையோடு மலையில் நிற்பார்கள். வலி கண்ட பிறகுதான் கூடையை ஓரமாக வைத்து, லயத்துக்கு வந்து, கொண்டையை முடிந்துகொண்டு, "ஆளக் கூப்புடுங்க" என்பார்கள். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார்கள். வருகிறார்களா என்று யாரும் வாசலை எட்டிப் பார்த்ததில்லை.